மயிலிட்டிக்கு ஒரு நிரல்

நண்பா,

இன்று அலுவலகத்தில் ஓர் அட்டவணை அச்சாகி வந்தது. நெடுக்காக நிற்கும் நிரல்கள் தாளுக்குள் அடங்காமல், வரிகளின் வால் கீழே மடிந்து, ஒருவருடைய விவரம் இன்னொருவரின் பெயருக்குக் கீழே நின்றது. தாளை மடித்து வைத்துவிட்டு உனக்கு எழுதுகிறேன். இதைச் சொன்னால் விளங்கக்கூடியவன் நீ ஒருவன்தான்.

நம் திருநெல்வேலிப் பல்கலைக்கழக வளாகத்தில் அந்த மத்தியானம். போரால் மின்சாரம் இல்லாத காலம். ஜெனரேற்றரில் மண்ணெண்ணெய் வற்றிக்கொண்டிருந்தது. இரத்தம் கொடுக்க முன்வந்தவர்களை நாம் இருவரும் கொம்பியூட்டரில் பதிந்து வைத்திருந்தோம். புரோகிராமுக்குள் ஆளுக்கொரு ஒப்ஜெக்ட், ஒரு பெட்டி மாதிரி; அதற்குள் பெயர், வயது, சொந்த ஊர், இப்போதைய இருப்பிடம், இரத்த வகை. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு தாதி சைக்கிளில் மூச்சிரைக்க வந்தாள். பிள்ளை பெற்ற ஒருத்திக்கு இரத்தப்போக்கு நிற்கவில்லை. ஓ நெகட்டிவ் வேண்டும்.

நான் அச்சிட்டேன். எல்லா நிரலும் ஒன்றாக வந்து, வரி மடிந்து, எந்த வகை யாருடையது என்றே தெரியவில்லை.

“எல்லாத்தையும் ஏன் காட்டுறாய்? வகை முதல்லை. பிறகு பேர், ஊர். மிச்சத்தை விடு,” என்றாய். நிரல்களின் அகலத்தையும் நீயே திருத்தினாய். மேலே விமானம் இரைந்தது. தாதி மேசைக்கடியில் குனிந்தாள், நீ எழும்பவில்லை. பிரிண்டர் ஒரேயொரு ஓ நெகட்டிவ்காரரைத் தந்தது. ஊர், மயிலிட்டி.

“மயிலிட்டியிலை இப்ப ஆர் இருக்கினம்? சனம் முழுக்க இடம்பெயர்ந்திட்டுதே,” என்றாள் தாதி அழாக்குறையாக.

ஜெனரேற்றர் திணறத் தொடங்கியது. நீ ஊரை எடுத்துவிட்டு அந்த நிரலில் இருப்பிடத்தை வைத்தாய். மருதனார்மடத்தில் ஒரு பள்ளிக்கூடம், அகதி முகாம் என்று தாளில் விழுந்த கையோடு எல்லாம் அணைந்தது. தாளைக் கிழித்துக்கொண்டு ஓடினாய்.

அந்த மயிலிட்டி மீனவரைச் சைக்கிள் பாரில் ஏற்றி நீதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாய். பிள்ளை பெற்றவள் பிழைத்தாள்.

பிறகொரு நாள் அவர் வளாகத்துக்கு வந்தபோது, முழுப் பட்டியலையும் அச்சிட்டுக் காட்டி, இனி ஊர் நிரல் தேவையில்லை என்று நான் சொன்னேன். அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அதை மட்டும் எடுத்துப் போடாதேங்கோ தம்பி. நாங்கள் திரும்பிப் போற ஆக்கள்.”

நீ உடனே வயதை எடுத்துவிட்டு ஊருக்கு இடம் விட்டாய்.

போன மாதம் உன் மரண அறிவித்தலை எழுதியவன் நான். இடம் போதாது, ஏதாவது குறையுங்கள் என்றார்கள் பத்திரிகைக்காரர்கள். உன் பட்டங்களை எடுத்தேன். பதவியை எடுத்தேன். ஊரை எடுக்கவில்லை.