அறிக்கை வரும் வரை

மார்ச் 4

அன்புள்ள வாத்தியாரம்மா,

நலம். நீயும் உன் மாணவப் பட்டாளமும் நலம்தானே? நான் தைச்சுக் கொடுத்த வெள்ளைக் கோட்டு தோளில் பிடிக்கலையே?

பாலம் கட்டத் தோண்டின இடத்துல எலும்புகள் கிடைச்சிருக்காம். இன்ஸ்பெக்டர் கடைக்கே வந்து, "உங்க தம்பி என்ன உயரம்மா?"ன்னு கேட்டார். கையில அளவுநாடாவை வச்சுக்கிட்டே நிக்கிறேன். வேலை தேடிப் போறேன்னு சொல்லிட்டுப் போனவன்டீ, அப்புறம் ஒரு சேதியும் இல்லை. எல்லாம் உன் ஆய்வுக்கூடத்துக்குத்தான் வருதாம். நீயே பார். வேற யார் கையிலும் கொடுத்துடாதே.

உன் தையல்காரி

மார்ச் 9

அன்புத் தோழிக்கு,

உன் கடிதத்துக்கு முன்பே எலும்புப் பெட்டி வந்துவிட்டது. காணாமல் போனவர்கள் பட்டியலில் உன் தம்பியைத் தவிர இன்னும் பலர் இருக்கிறார்கள். வீணாக மனதை அலைய விடாதே. நானே பார்க்கிறேன்.

ஆனால் அறிக்கை முடியும் வரை உன்னிடம் ஒரு வார்த்தையும் சொல்ல முடியாது. "எலும்பு பேசி முடிக்கும் முன் நீங்கள் பேசாதீர்கள்" என்று முப்பது வருஷமாக வகுப்பில் கத்துகிறவள், நானே மீறலாமா? ஒரே ஒரு மைக்ரோஸ்கோப்போடு தொடங்கிய கூடம் இது. ஜூனில் ஓய்வு. இதுதான் கடைசி வழக்காக இருக்கும் போல. கோபிக்காதே. வேளைக்குச் சாப்பிடு.

உன்
வாத்தியாரம்மா

மார்ச் 17

வாத்தியாரம்மாவுக்கு,

போன் பண்ணினா எடுக்க மாட்டேங்கறே. "மேடம் வகுப்புல இருக்காங்க"ன்னு ஒரே பாட்டு. எந்த நேரமும் என்னடீ வகுப்பு?

நேத்து ஒரு சட்டைக்கு ரெண்டு கையும் இடக்கையா வெட்டிட்டேன். வாடிக்கையாளர் சிரிச்சார், எனக்கு அழுகை வந்துடுச்சு. வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டா மெஷினை நிறுத்திட்டு எட்டிப் பாக்கிறேன். ஆமான்னா ஆமா, இல்லைன்னா இல்லை. அவ்வளவுதானே கேக்கிறேன்?

தையல்காரி

மார்ச் 21

அன்புத் தோழிக்கு,

அந்த வேலையை நேற்று என் பழைய மாணவியிடம் ஒப்படைத்துவிட்டேன். என்னைவிடக் கூர்மையானவள். முதலிலிருந்து அவளே பார்த்துக் கையெழுத்திடுவாள். காரணம் கேட்காதே. இன்னும் எதுவும் முடிவாகவில்லை.

பத்து நாள் லீவு போட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்கு வருகிறேன். அதுவரை கடையைத் திறக்காதே. தனியாக இருக்காதே.

உன்
வாத்தியாரம்மா

மார்ச் 24

அடியே,

உன் கல்யாணத்துக்கே மூணு நாள்தான் லீவு போட்டே. இப்ப பத்து நாளா?

யாரோ எவரோன்னா நீ பாதியில கையை எடுக்கிறவ இல்லை. எது சொல்லிச்சு? சைக்கிள்ல இருந்து விழுந்து உடைஞ்ச கையா? அன்னைக்கு அவனைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினவளே நீதானே. வேண்டாம், எழுதாதே. உன் வேலைக்குக் கெட்ட பேர் வரவேண்டாம்.

ஞாயித்துக்கிழமை வராதே. நீ வந்து வாசல்ல நின்னுட்டா எல்லாம் முடிஞ்சு போயிடும். அந்தப் பொண்ணு கையெழுத்துப் போடுற வரைக்கும் அவன் காணாமப் போனவனாவே இருக்கட்டும். அவளை அவசரப்படுத்தாதே. நிதானமாப் பார்க்கட்டும்.

கடையைத் திறந்துதான் வச்சிருக்கேன். மெஷின் சத்தத்துல பொழுது போகுது.

கையெழுத்தானதும் கடிதம் போடாதே. நேரா வா.

உன் தையல்காரி