குதிரைக்கு வளைகாப்பு

பிப்ரவரி 10, செவ்வாய்

வெயில். மழை கண்ணிலேயே இல்லை. குழாயில் தண்ணீர் நூலாய்.

பாக்டரியில் காலை ஷிப்ட்டுக்குக் கிளம்புமுன் கொட்டகையில் வாளி பிடிக்கும் உத்தியோகம். குதிரையைக் குளிர்ந்த தண்ணீர் குடிக்கவைத்து விலாவைப் பார்க்கவேண்டுமாம். குளிர் பட்டால் குட்டி உதைக்குமாம். இவர் அதன் வயிற்றில் காதை வைத்துக்கொண்டு, "ஒதைக்குது, பார்த்தியா?" ஈ உட்கார்ந்தது, தோலைச் சிலிர்த்தது, நான் பார்த்தது அவ்வளவுதான். சொன்னேன். "ஒனக்கு என்னா தெரியும்?" என்றார்.

சரிதான். எனக்கு எங்கே தெரியப்போகிறது.

போன மாதம் வாங்கியது. ஈப்போ பக்கம் குதிரைச் சவாரி சொல்லித்தரும் இடம் ஒன்றை மூடினார்கள். பெரிங்கி கடற்கரையில் இவருடைய பழைய மட்டக்குதிரைக்குத் துணையாகச் சவாரிக்கு விடலாமென்று போனவர், இந்தப் பீப்பாயோடு வந்தார். விற்றவன் சொன்னானாம், "ஆண் குதிரையோட ஒரே வேலிக்குள்ளதான் கெடந்துச்சு அண்ணே. ஒண்ணு வாங்கினா ரெண்டு, யார் கண்டா." அந்த ‘யார் கண்டா’வைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்.

வாங்க: அரிசி, சோப்புத்தூள், என் தைராய்டு மாத்திரை. குதிரைக்கு வெல்லம்.

பிப். 12, வியாழன்

பட்டர்வொர்த் அக்கா வந்தாச்சு. இவருடைய மூத்த அக்கா. ஃபெர்ரியில் ஒரு தார் வாழைப்பழம், ஊறவைத்த பாசிப்பயறு. குதிரையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "ஏழு மாசம் இருக்கும்டா தம்பி. மொகத்துலயே களை தெரியுதே!" குதிரை முகத்தில் களை. பெயரும் வைத்தாயிற்று, மகாலட்சுமி.

தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போய்த் திரும்பும் பெண்களுக்கும் சேதி பரவிவிட்டது. பொங்கல், சுண்டல், பழம். கர்ப்பம் என்று கொடுக்கிறார்கள். கொடுப்பதைத் தின்று வயிறு பெருக்கிறது. வயிறு பெருப்பதால் கர்ப்பம்.

இவர் இருபது வருஷம் பந்தயத் திடலில் குதிரை பார்த்தவர், ஏமாறுவாரா என்கிறார் அக்கா. அங்கே எந்தக் குதிரையையும் தின்று கொழுக்க விட்டதில்லை, சினைப்பட விட்டதுமில்லை. இரண்டையும் இவர் பார்த்ததே கிடையாது. ஆனால் குதிரைக்காரர் ஆயிற்றே.

போகும்போது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "தெனம் அது வயித்தத் தொட்டுக் கும்பிடு வசந்தா. வாயில்லா ஜீவன், பலன் கைமேல." சிரித்து வைத்தேன். பல் மட்டும்.

பிப். 14, சனி

ஓவர்டைம். முதுகு போச்சு.

சீனர்களுக்குக் குதிரை வருஷம் பிறக்கப்போகிறது. டவுனில் ஒரு பேரங்காடியிலிருந்து ஆள் வந்தான். பெருநாள் முடியும்வரை குதிரையைச் சிவப்புத் துணி போர்த்தி வாசலில் நிறுத்தினால் போதும், ஜனங்கள் படம் எடுத்துக்கொள்வார்கள், சவாரிகூட வேண்டாம், நாளுக்கு இவ்வளவென்று காசு. கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்தமாதிரி. இவர் மாட்டேன் என்றுவிட்டார். "புள்ளத்தாச்சிய வெடிச் சத்தத்துல நிக்க வைக்கறதா? பாவம் லா."

பாவம் லா.

எனக்கு அந்த ஒரே ஒரு தடவை தங்கியபோது, மூன்றாம் மாதம், நைட் ஷிப்ட்டில் நின்றுகொண்டேதான் வேலை பார்த்தேன். "லீவு போட்டா அலவன்ஸ் போயிரும், கொஞ்சம் சமாளி" என்று சொன்னவர் இவர்தான். நின்ற இடத்திலேயே எல்லாம் போயிற்று. இவருக்கு நினைவிருக்காது. குதிரைக்கு மட்டும் கால் வலிக்கும்.

பிப். 18, புதன்

பெருநாள் லீவு. விடிய விடிய வெடி. குதிரை அசையக்கூட இல்லை, தின்றுகொண்டிருந்தது.

மிருக டாக்டர் சீனப்பெண், பெருநாளுக்குத் தைப்பிங் போய்விட்டார். அடுத்த வாரம்தான் ஸ்கேன். அதற்குள் அக்கா, "டாக்டர் எதுக்கு? ஞாயித்துக்கெழம நல்ல நாளு. வளைகாப்பு போட்டுருவோம்."

ஸ்கேன் பார்த்துவிட்டுச் செய்யலாமே என்றேன். நியாயமாகத்தான் சொன்னேன்.

"நீ கண்ணு வெக்காம இருந்தாச் சரி" என்றார் அக்கா.

இவர் பக்கத்திலேயே வாளி கழுவிக்கொண்டிருந்தார். காதில் விழுந்தது. தேய்த்துக்கொண்டே இருந்தார். அவ்வளவு அழுக்கு வாளியா அது?

பிப். 22, ஞாயிறு

எழுதாமல் படுக்கப் பார்த்தேன், முடியவில்லை.

முப்பது பேர் வந்தார்கள். எலுமிச்சைச் சாதம், தயிர்ச்சாதம், சக்கரைப் பொங்கல். குளம்பில் வளையல் ஏறாதே, சிவப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் கட்டினார்கள். சந்தனம், குங்குமம். தலைக்கு நீட்டிய பூவைக் குதிரை தின்றுவிட்டது. ஒரே சிரிப்பு. "ஆசை லா அதுக்கு!" என்று யாரோ.

பிறகு அக்கா ஒரு மணைப்பலகையைக் குதிரை பக்கத்தில் போட்டார்.

பிள்ளை இல்லாதவளைப் பிள்ளைத்தாச்சி பக்கத்தில் உட்காரவைத்து, அவளுக்குப் போட்ட கையோடு இவளுக்கும் வளையல் போட்டால் அடுத்தது இவளுக்கு. அந்தப் பலகை எனக்குப் புதிதல்ல. தங்கச்சிக்கு, அக்கா மகள்கள் இருவருக்கு, எதிர்வீட்டுக்காரிக்கு என்று பக்கத்தில் உட்கார்ந்தவள்தான். மனுஷிகள் தீர்ந்துபோய் இன்று குதிரை.

இவரைப் பார்த்தேன். "அக்காவுக்காக" என்று வாயசைத்தார்.

உட்கார்ந்தேன். பச்சை வளையல். சாணி வாடை. கழுத்தில் அதன் மூச்சு சுடச்சுட. எல்லார் கையிலும் போன், வீடியோ.

இதையும் எழுதிவிடுகிறேன், யார் படிக்கப்போகிறார்கள். உட்கார்ந்தபோது வேண்டிக்கொண்டேன். நாற்பத்திரண்டு வயதில். அது சினையாக இருக்கட்டும், எனக்கும் ஒன்று என்று நிஜமாகவே வேண்டிக்கொண்டேன். தூ.

பிப். 24, செவ்வாய்

டாக்டர் வந்தார். தோள்வரை கையுறை, சின்ன ஸ்கேன் பெட்டி. இவர் குதிரையின் தலையைப் பிடித்துக்கொண்டு முருகா முருகா என்று.

"கோசோங்" என்றார் டாக்டர். "கெமுக் சாஜா."

காலி. வெறும் கொழுப்பு.

இன்னொரு தரம் பாருங்கள் என்று இவர் கெஞ்சினார். பார்த்தார், அதே காலி. பிடரியிலும் வால் பக்கத்திலும் கொழுப்புக் கட்டியிருப்பதை அமுக்கிக் காட்டினார். வெல்லமும் பழமும் இன்றோடு நிறுத்தணும், இல்லாவிட்டால் குளம்பு கெட்டு நிற்கவே முடியாமல் போகும், மற்றபடி நல்ல ஆரோக்கியம் என்றார். ஆரோக்கியத்தை யார் கேட்டது?

போனில் அக்கா, ஊருக்கே கேட்கும் குரலில்: "மலட்டுக் குதிரையத் தலையில கட்டிட்டானா? அப்பவே நெனச்சேன்!" அப்பவே நினைத்தாராம்.

சாயங்காலம் புல்லுக்கட்டோடு கொட்டகைக்குப் போனேன். இவர் முதுகைக் காட்டிக்கொண்டு விற்றவனோடு போனில். "வயித்துல ஒண்ணும் இல்லன்னா எனக்கு எதுக்குங்க இது? சும்மா தின்னுட்டு நிக்கும். காசு முழுசா வேணாம், எடுத்துக்கிட்டாப் போதும். நாளைக்கே லோரி அனுப்புங்க."

திரும்பினார். என்னைப் பார்த்தார்.

"ஒன்னயச் சொல்லல, வசந்தா."

நான் ஒன்றுமே கேட்கவில்லை.

பிப். 25, புதன்

கேன்டீனில் உட்கார்ந்து எழுதுகிறேன். வெளியே மூட்டம், மழை வரும்போல.

விடிவதற்குள் எழுந்து புல் போட்டு, தொட்டி நிறையத் தண்ணீர் ஊற்றிவிட்டு, கொட்டகைக் கதவைப் பூட்டிவிட்டு வந்துவிட்டேன். இரண்டு சாவியும் என் பையில். ஷிப்ட் முடிந்து நேராக அங்கேதான்.

ஒன்பது மணியிலிருந்து போன். இவர்தான். லோரி வந்திருக்கும். அடிக்கட்டும்.

அது எங்கேயும் போகாது. சும்மா தின்றுவிட்டு நிற்கட்டும். ஏன் என்று கேட்கட்டும் இவர், என் முகத்தைப் பார்த்து.