ரோஷக்கார மிஷின்

6.3.94
ரிலே ஸ்விட்சுகளுக்கும் சக்கரங்களுக்கும் தையல் மிஷின் எண்ணெய் போட்டது தப்பு. போன வாரம் ஓடிய ஸ்கோர் சக்கரம் இன்று பிசின் தடவியதுபோல் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. எண்ணெய் போட்டால் எதுவும் ஓடும் என்று எவன் சொன்னான்? எவனும் சொல்லவில்லை, நானேதான் நினைத்துக்கொண்டேன். எல்லாவற்றையும் கழற்றி ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும்.

ரேடியோ கம்பெனியில் வருஷக்கணக்காக சால்டரிங் அயர்ன் பிடித்த கை இது. கம்பெனியை மூடிவிட்டார்கள். இப்போது அண்ணன் வீட்டுச் சோறு. ஏதோ கிளப்பில் ஏலம் எடுத்த, காசு போட்டு இரும்பு உருண்டையை அடித்து ஆடும் இந்தப் பின்பால் மிஷினைப் பின்கட்டில் இறக்கியபோது அண்ணன் நாகராஜ் சொன்னது: "இத்த ஓட வச்சிடு ராணி. பாண்டி பஜார்ல கடை புடிச்சிக் குடுக்குறேன். பசங்க வந்து ஆடிக்கினே இருப்பானுங்க. நீதான் மொதலாளி." கோடம்பாக்கத்தில் சினிமாவுக்குச் சாமான் வாடகைக்கு விடுகிறவன் வாய். நம்பினேன்.

19.3.94
உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ஸ்விட்ச் முனைகளைக் கெடுத்தேன். பின்கட்டுக்கு வந்த அண்ணி, "இன்னும் எவ்ளோ நாளிக்கி இது எடத்த அடைச்சிக்கினு கெடக்கும்?" என்றாள். மிஷினையா, என்னையா?

2.4.94
குண்டு எதற்கென்று புரிந்துவிட்டது! பெட்டிக்குள் ஒரு வளையம், அதன் நடுவே தொங்கும் சின்ன இரும்புக் குண்டு. ஆடுகிறவன் ஏமாற்றப் பார்த்து மிஷினைக் குலுக்கினால் குண்டு வளையத்தில் படும். விளக்கெல்லாம் அணைந்து ஆட்டம் நின்றுவிடும். அதன் வயர் அறுந்திருந்தது, பற்றவைத்தேன். ஓங்கி ஒரு தட்டு தட்டினேன். இருட்டு! அடித்தால் ரோஷம் வருகிற மிஷின். இந்த வீட்டில் அதற்காவது இருக்கட்டும்.

23.4.94
ஓடுகிறது. உருண்டை மோதும் இடத்திலெல்லாம் மணி அடிக்கிறது. அண்ணன் ஆடிப் பார்த்து "சூப்பரு ராணி" என்றான். கடை எப்போது என்று கேட்டேன். "பாக்கலாம்."

7.5.94
வண்டி வந்து ஏற்றிப் போயிற்று. கடைக்கு என்று நினைத்துத் துடைத்து வேறு கொடுத்தேனே! சண்டைக் காட்சியாம். எவனையோ தூக்கி அதன் மேல் போடுவார்களாம். "லைட்டு எரியற மிஷின்தான் வோணுமாம், அதான் உன்கிட்ட குடுத்தேன்" என்கிறான் அண்ணன், கூசாமல். அப்ப கடை? "இன்னா கடை? ஏதோ பேச்சுக்குச் சொன்னது."

கிளியை வளர்த்துப் பூனை கையில் கொடுத்த கதை. பாவி... பூனைக்காகத்தான் வளர்க்கிறேன் என்றுகூடத் தெரியாத முட்டாள் நான்.

8.5.94
சாப்பிடவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

10.5.94
ஷூட்டிங் கெட்டுப்போனதாம். ஆள் மேலே விழுந்ததுமே மிஷினில் விளக்கெல்லாம் அணைந்துவிட்டதாம். டைரக்டர் கத்தினாராம். மிஷின் நடுப்பலகை பிளந்து, காலொடிந்து, இனி எதற்கும் ஆகாது. "இன்னா வேல பாத்து வச்சிக்கீற?" என்று அண்ணன் என் மேல் பாய்கிறான்.

சரியான வேலைதான் பார்த்து வைத்திருக்கிறேன். சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது.

28.5.94
அந்தக் காட்சியை மறுபடி எடுக்க ஒரு போலிப் பெட்டி செய்து தரச் சொன்னான் அண்ணன். மாட்டேன் என்று வாய்வரை வந்தது. எங்கே போவேன்?

இன்று முடித்தேன். பிளைவுட், பெயின்ட், நேராகக் கரண்டில் பல்புகள். ரிலே இல்லை, மணி இல்லை, குண்டும் இல்லை. ஆர்ட் டிபார்ட்மென்ட் அன்வர் பாஷா வந்து ஓங்கி ஓங்கிக் குத்திப் பார்த்தார். ஒரு பல்புகூட அணையவில்லை.

"அசல் தோத்துச்சு போங்கக்கா!" என்றார். அண்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை. அன்வர் பாஷா என் பக்கம் திரும்பினார். "அடுத்த படத்துக்குக் காசு போட்டா பாடற பொட்டி ஒண்ணு வோணும். பாடவேணாம், லைட்டு எரிஞ்சா போதும். முடியுமாக்கா?"

முடியும் என்றேன்.