சிவப்பு பல்பும் மிச்சமிருக்கும் இரண்டு தாள்களும்

லிங்கராஜபுரம், பெங்களூரு
ஞாயிறு மாலை

அன்பு மகன் சஞ்சய்க்கு அம்மா சரளா எழுதுவது. (எழுதும் கை மட்டும் நோராவுடையது, அண்ணா. அம்மா கன்னட மீடியம் என்பதால் அவள் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். கூட்டாமல் குறைக்காமல் எல்லாவற்றையும் உண்மையாக எழுதுவேன். அடைப்புக்குறிக்குள் இருப்பது மட்டும் என் பேச்சு.)

ஆண்டவர் தயவில் இங்கே மூன்று பேரும் சுகம், மழைக்கு அப்பாவின் முட்டி மட்டும் முறைத்துக்கொள்கிறது, டப்ளின் குளிர் உன்னை என்ன பாடு படுத்துகிறதோ, காதை மூடிக்கொண்டு வெளியே போ. நீ விற்கச் சொல்லிவிட்டுப் போன பிலிம் கேமராவை நான் விற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அதை மாட்டிக்கொண்டு சிவாஜிநகர், ஸ்ரீராம்புரம் என்று சுற்றுகிறேன். ஸ்ரீராம்புரத்தில் துப்புரவு வேலை செய்யும் ஒரு அம்மா ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தாள், எடுக்கட்டுமா என்று கேட்டேன், எடு, ஆனா அழகா எடு என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் எங்கள் போட்டோ கிளப் கண்காட்சிக்குக் கொடுக்கப்போகிறேன். செவ்வாய்க்கிழமை கடைசி நாள், எடுத்தவரே தன் கையால் பிரிண்ட் போட வேண்டும் என்பது விதி. லேபில் போட்டுக் கொடும்மா, யாருக்குத் தெரியும் என்று போனில் சொன்னாய். எனக்குத் தெரியுமே சஞ்சய்.

பிரிண்ட் போட பாத்ரூமைத்தான் இருட்டறை ஆக்கியிருக்கிறேன், வாஷிங் மெஷின் மேல் படத்தைப் பெரிதாக்கித் தாளில் விழவைக்கும் என்லார்ஜர், பலகை மேல் மருந்துத் தண்ணீர் ஊற்றிய மூன்று தட்டு. அப்பா துண்டோடு பக்கத்தில் சோனியா வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வருகிறார். என்ன சரளாக்கா, தண்ணி வரலியா, இல்ல புருஷனையே வெளிய தள்ளிட்டியா என்று அவள் தெருவுக்கே கேட்கும்படி கேட்டாள். போட்டோ தாள் சிவப்பு வெளிச்சத்தில் மட்டும்தான் கெடாது, சிவப்பு பல்பு வேண்டும் என்றார் கிளப் செயலாளர் தினேஷ். கடைக்கு எதற்குப் போக வேண்டும், திரு இருதயப் படத்துக்கு முன்னால் வருஷக்கணக்காக எரிகிறதே என்று அதைக் கழற்றி மாட்டினேன். ஆண்டவரை இருட்டில் விட்டுவிட்டு பாத்ரூமுக்கு விளக்கு போட்டவள் நீ ஒருத்திதான் என்றார் அப்பா. (அம்மா இதை எழுத வேண்டாம் என்றாள்.)

தட்டில் தாளைப் போட்டால் முதலில் அந்த அம்மாவின் மூக்குத்தி வரும், அப்புறம் சிரிப்பு வரும், அந்த நிமிஷத்துக்காக எத்தனை முறை வேண்டுமானாலும் குனிந்து நிற்பேன். ஆனால் வந்த படமெல்லாம் சாம்பல் பூசினமாதிரி மங்கல். பத்துத் தாளில் ஏழு போயிற்று. நோரா பள்ளி நூலகப் புத்தகத்தில் படித்துவிட்டு, ஒரு தாளின் மேல் ஐந்து ரூபாய்க் காசை வைத்து, அந்த பல்பின் வெளிச்சத்திலேயே ஐந்து நிமிஷம் விட்டு, பிறகு கழுவச் சொன்னாள். காசு இருந்த இடம் மட்டும் வெள்ளை வட்டம், சுற்றிலும் சாம்பல். பல்புக்குப் பூசிய சிவப்பு பெயிண்ட் அங்கங்கே உதிர்ந்திருக்கிறது, அந்த வழியாக வெள்ளை வெளிச்சம் கசிந்திருக்கிறது. அதோடு எட்டும் போயிற்று. (நான் அழுதேன். அம்மா அழவில்லை.)

நல்ல பல்பு செவ்வாய்க்குள் கிடைக்காது என்று தினேஷ் சொல்லிவிட்டார். கிடைக்காவிட்டால் போகட்டும், விளக்கே இல்லாமல் போடுவேன். பழைய காலண்டர் தாள்களை வைத்துக்கொண்டு, கண்ணைக் கட்டி, தட்டு தட்டாகத் தடவி நாள் முழுக்கப் பழகிவிட்டேன். எந்தத் தட்டில் எத்தனை நொடி என்று நோரா வெளியே நின்று எண்ணுவாள். மூக்குத்தி எழுந்து வருவதை இந்த முறை நான் பார்க்க முடியாது, அது ஒன்றுதான் குறை. மிச்சம் இரண்டு தாளில் ஒன்று கிளப்புக்கு, ஒன்று உனக்கு. எப்படி வந்தாலும் இந்த உறைக்குள் வைப்பேன், நீயே பார்த்துக்கொள்.

கடனுக்குச் சாப்பிடாதே, கஞ்சியாவது சூடாக வைத்துக் குடி. இங்கிருந்தே உன் நெற்றியில் சிலுவை போடுகிறேன். பதினெட்டாம் தேதி அப்பாவுக்குப் பிறந்தநாள், மறந்துவிடாதே.

உன் அம்மா
சரளா

(அம்மா கன்னடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு பாத்ரூமுக்குள் போய்விட்டாள். சிவப்பு பல்பு மறுபடி திரு இருதயப் படத்துக்கு முன்னால்தான் இருக்கிறது, ஆனால் அதன் வெளிச்சம் பாத்ரூம் கதவுக்கு அடியில் உள்ளே வருகிறதாம். மன்னிச்சுக்கோ ஆண்டவரே, அரை மணி நேரம்தான் என்று உள்ளிருந்தே சொல்கிறாள். அப்பா ஜன்னலைச் சாத்திவிட்டார். அந்த பல்பு உட்பட எல்லா விளக்கையும் இதோ அணைக்கப்போகிறேன், இனி எண்ண வேண்டும்.)