தரையிறக்கிப் பார்க்காத ஜெட்

ஜூன் 18, புதன்

காலையிலிருந்து சாரல். மேலகரம் முழுக்க நசநசப்பு. துணி காயவில்லை என்று செல்வி கம்ப்யூட்டர் அறைக்குள்ளேயே கொடி கட்டிவிட்டாள். திரையில் இருக்கிற ஜெட்டுக்கு மேலே என் லுங்கி தொங்குகிறது.

இன்றைக்கு:
– அச்சன்புதூர் பார்ட்டி வீட்டு பிளான் (மாடிப்படி மறுபடியும் இடம் மாறுகிறது)
– இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர்
– ஜெட்: முன்சக்கரக் கதவு, பின் இருக்கை வார்

மூன்றாவதை மட்டும் செய்தேன்.

வீட்டு பிளான் வரைவது சோற்றுக்கு. ஜெட் எதற்கு என்று செல்வி கேட்கும்போதெல்லாம் வேறு வேறு பதில் சொல்கிறேன். கம்ப்யூட்டர் சிமுலேட்டரில் விமானம் ஓட்டுகிற யாரும் இதை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். உருவம் என் வேலை. காற்றில் அது எப்படி நடந்துகொள்ளும் என்கிற கணக்கெல்லாம் போலந்துக்காரர் ஒருவருடையது. முகம் பார்த்ததில்லை, ஆனால் செல்வியைவிட அவரோடுதான் அதிகம் பேசுகிறேன். எல்லாரும் சண்டை விமானம் செய்கிறார்கள், உனக்கு ஏன் பைலட்டுக்குப் பாடம் சொல்லித்தருகிற இந்தப் பழைய இரட்டை இருக்கை ஜெட் என்று அவரும் கேட்டார். அவருக்கும் ஏதோ சொல்லி வைத்தேன்.

எனக்கு மட்டும் எழுதிக்கொள்கிறேன். அண்ணன் விமானப்படையில் இருந்த காலமெல்லாம் இந்த ஜெட்டோடுதான் இருந்தான். பைலட் இல்லை, தரையில் வேலை. அவன் படையில் சேர்ந்தபோது நான் கால்சட்டைப் பையன். ரிட்டயராகி இலத்தூரில் வயலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறான். அங்கே என்ன செய்தான், எப்படி இருந்தான், ஒன்றும் சொன்னதில்லை. கேட்டால், "அதெல்லாம் வெளிய சொல்லப்படாதுலே." அந்த ஜெட்டை இன்றைக்கு ஏதோ ஒரு வாசலில் கம்பத்தில் மாட்டி வைத்திருக்கிறார்கள், காக்கா உட்காருகிறது. அதையும் சொல்லப்படாது.

வெளியீடு 29, ஞாயிறு என்று அறிவித்தாகிவிட்டது. அதற்குள் அண்ணன் பார்த்து "சரியா இருக்கு" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஜூன் 20, வெள்ளி

அண்ணன் வந்தான். தேங்காய் கொண்டுவந்தான், பைக்கில் சாக்கோடு, முழுக்க நனைந்து. துவட்டத் துண்டு எடுக்கப் போனேன். திரும்பி வந்தால் திரைக்கு முன்னால் நிற்கிறான்.

"இத எதுக்குலே ஜாக்கில ஏத்தி வச்சிருக்க?"

"ஜாக்கா? தரையிலதானண்ணே நிக்குது."

"தரையில நின்னா கால் இவ்ளோ நீட்டமா இருக்குமா? பாரம் அமுக்காதா?"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். மேற்கொண்டு கேட்டேன். துண்டை வாங்கித் தலையைத் துவட்டியபடி, "மழை நல்லா இருக்கு" என்றான்.

அவன் போனபிறகு பார்த்தேன். நான் அளவெடுத்த வரைபடத்தில் விமானத்தை ஜாக்கில் தூக்கி வைத்துத்தான் வரைந்திருக்கிறார்கள். சக்கரக் கால் முழுக்க நீண்டு தொங்குகிறது. வீட்டு பிளான் வரைகிற புத்தி, கோட்டை அப்படியே நம்பிவிட்டேன். போலந்துக்காரருக்குச் சொன்னதும் தலையில் அடித்துக்கொள்கிற பொம்மை ஒன்று அனுப்பினார்.

ஜூன் 21, சனி

சக்கரக் காலைக் குறைத்தாயிற்று. இப்போது ஜெட் அடக்கமாக உட்கார்ந்திருக்கிறது, அழகாக இருக்கிறது.

ஒன்று புரிந்தது. அண்ணன் எதையும் சொல்ல மாட்டான். ஆனால் தப்பாக இருந்தால் அவனால் சும்மா இருக்க முடியாது. ஆகவே நாளைக்கு வேண்டுமென்றே ஒரு தப்பு. பைலட் ஏறுகிற ஏணியை வலது பக்கம் மாற்றி வைத்திருக்கிறேன்.

செல்வி: "சொந்த அண்ணனுக்கே பொறி வைக்கியளே, வெளங்குமா?"

விளங்கும்.

ஜூன் 22, ஞாயிறு

கறி எடுத்திருந்தோம். அண்ணன், மதினி இரண்டு பேரும் வந்தார்கள்.

சாப்பாட்டுக்கு முன் ஏணியைக் காட்டினேன். சட்டைப் பொத்தானைத் திருகினான். பிறகு, "இல்ல."

"எதுண்ணே இல்ல?"

"அந்தப் பக்கம் இல்ல."

செல்வி சமையலறையில் சிரிப்பை அடக்குகிறது கேட்டது. ஏணியை இடது பக்கம் கொண்டுவந்தேன். "ம்" என்றான். எனக்கு அந்த "ம்" போதும், இன்றைக்குச் சாப்பாடே வேண்டாம் போலிருந்தது.

அதோடு விட்டிருக்கலாம். குஷியில், பறக்கவிட்டுக் காட்டுகிறேன் என்றேன். கிளப்பி, ஒரு சுற்று சுற்றி, தலைகீழாகப் புரட்டி, மேகத்துக்குள் விட்டு வெளியே எடுத்தேன். அண்ணன் நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டான். மதினி, "குழம்பு ஆறுது" என்றதும் வழக்கம்போல ரீசெட் பட்டனைத் தட்டினேன். ஜெட் மறுபடி ஓடுதளத்தின் முனையில், புதுசாக.

அண்ணன் எழுந்துவிட்டான்.

"அது எங்க?"

"எதுண்ணே?"

"மேல போன விமானம் எங்கலே?"

"இதாம்ணே அது. ரீசெட் பண்ணிட்டேன்."

"எங்க எறங்கிச்சு?"

"எறங்கல. அப்படியே..."

"அப்படியேன்னா? அந்தரத்துல விட்டுட்டியா?"

முகம் சிவந்துவிட்டது. இது விளையாட்டுத்தானே என்று மதினி சொன்னாள். அவன் காதில் ஏறவில்லை. கறிக்குழம்பை ஒப்புக்கு நாலு வாய் சாப்பிட்டான். கிளம்பும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

ஒரு பட்டனுக்கு இவ்வளவு கோபமா? எனக்கும் கோபம்தான். இத்தனை மாத வேலையைப் பார்த்து ஒரு நல்ல வார்த்தை இல்லை.

ஜூன் 23, திங்கள்

சாரல் இல்லை. வெயிலும் இல்லை. மனசும் அப்படித்தான்.

அச்சன்புதூர் பார்ட்டி போன்: "தம்பி, மாடிப்படிய பழைய எடத்துலேயே வச்சிருங்க."

மதியம் ஜெட்டைத் தரையிறக்கிப் பார்த்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது, முதல் தடவை! இவ்வளவு காலம் இதைக் கிளப்பியிருக்கிறேன், புரட்டியிருக்கிறேன், இறக்கியதில்லை. சோதிக்க வேண்டியதைச் சோதித்ததும் ரீசெட். கை பழகிவிட்டது.

சக்கரம் தரையைத் தொட்டதும் ஜெட் தவளை மாதிரி எம்பியது. மறுபடி தொட்டது, மறுபடி எம்பியது. மூன்றாவதில் மல்லாக்க.

காலில் இருக்கிற ஸ்பிரிங்கின் இறுக்கத்தைக் கண்டபடி போட்டிருக்கிறோம். நிற்கும்போது தெரியாது, ஓடும்போதும் தெரியாது. இறங்கினால்தான் தெரியும்.

போலந்துக்காரரிடம் கேட்டேன், நீங்கள் இறக்கிப் பார்க்கவில்லையா? பதில்: நீ பார்த்திருப்பாய் என்று நினைத்தேன்.

ஜூன் 25, புதன்

விடிந்தும் விடியாமல் அண்ணனுக்குப் போன் போட்டேன். ஐந்தருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறதாம், போகலாமா? "வா" என்றான். கோபம் இருந்தாலும் அருவிக்கு வரமாட்டேன் என்று சொல்ல எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

வெளியூர்க் கூட்டம் வருவதற்குள் போய்விட்டோம். நல்ல தண்ணீர். முதுகில் அறைகிறது. பக்கத்தில் நிற்பவன் பேச்சு கேட்காது, கத்த வேண்டும்.

"அன்னைக்கு ஏம்ணே கோவம்?"

"என்ன?"

"ஏன் கோவம்னு கேட்டேன்!"

தண்ணீருக்குள் தலையைக் கொடுத்து நின்றான். பிறகு வெளியே எடுத்துக் கத்தினான்.

"ஒருநாள் போனது வரலலே!"

"விழுந்துட்டா?"

"இல்லலே! மழை! வேற ஊர்ல எறக்கிட்டானுவ! எனக்கு யாரும் சொல்லல!"

"நீ என்ன செஞ்ச?"

"நின்னேன்! அது வந்து நிக்கிற எடத்துல நின்னேன்! இருட்டிட்டு, அப்புறந்தான் ஒருத்தன் வந்து சொன்னான்!"

பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த ஆள் எங்களையே பார்த்தான். இத்தனை வருஷம் வெளியே சொல்லப்படாதென்று காத்ததை ஐந்தருவிக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டான் அண்ணன். பிறகு மூடி கழன்றது போல எல்லாம் கத்தினான். பைலட்டை ஏற்றி வார் மாட்டுவது, சிவப்புத் துணி தொங்கும் பாதுகாப்புப் பின்களை உருவி எண்ணிக் காட்டுவது, சக்கரம் உருளாமல் வைத்த கட்டையை எடுப்பது, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி அனுப்புவது. திரும்பி வந்ததும் கட்டை போட்டு வாங்குவது, அதன்பிறகே பைலட்டை இறங்கச் சொல்வது.

"அனுப்புனவன் வாங்கணும்லே! வாங்குனாதான் வேலை முடிஞ்சுது!"

துண்டைப் பிழியும்போது கேட்டேன், ஒரு தடவையாவது ஏறிப் பறந்திருக்கிறாயா? இல்லையாம். ஆசை இருந்ததா என்று கேட்டதற்கு, "என் எடம் கீழல்லா" என்றான், சாதாரணமாக.

இத்தனை மாதமாக நான் காக்பிட்டைத்தான் இழைத்திருக்கிறேன். ஒவ்வொரு முள்ளும், ஒவ்வொரு ஸ்விட்சும். அவன் ஒருநாளும் உட்காராத இடம். வண்டியில் வரும்போது எனக்கு அழுகை வந்தது, ஹெல்மெட் இருந்தது, நல்லதாயிற்று.

ஜூன் 27, வெள்ளி

ஸ்பிரிங். ஸ்பிரிங். ஸ்பிரிங். தளர்த்தினால் வயிறு தரையில் உரசுகிறது, இறுக்கினால் தவளை. போலந்துக்காரரும் இறக்குகிறார், நானும் இறக்குகிறேன். மாலையில் அவர் அனுப்பிய எண்கள் பொருந்தின. இனி மல்லாந்தால் அது என் கைக்கோளாறு. மல்லாந்தது.

செல்வி சாப்பிடக் கூப்பிட்டாள். எறங்கிட்டு வாரேன் என்றேன். "எறங்கும் எறங்கும், தோசை கல்லுக்கு மேல பறந்துட்டு இருக்கு" என்றாள்.

மறக்கக் கூடாதது: வெளியிலிருந்து பார்க்கிற கேமரா. ஏணிக்குப் பக்கம், மூக்குக்கு இடது புறம், ஆள் உயரம். அண்ணனைவிட நான் குள்ளம். அவன் உயரத்துக்கு வைத்தேன்.

ஜூன் 29, ஞாயிறு

வெளியீட்டு நாள். சாயங்காலம் என்று போட்டிருக்கிறேன். வானம் கருப்பு, காற்று. இன்வெர்ட்டருக்குத் தண்ணீர் இன்னும் ஊற்றவில்லை.

அண்ணன் மட்டும் வந்தான், நான் கூப்பிட்டு. இரண்டு திரை. ஒன்றில் காக்பிட், எனக்கு. மற்றதில் அவன் நின்ற இடம். நாற்காலி போட்டேன், உட்காரவில்லை. திரையை ரொம்ப நேரம் பார்த்தான்.

"இங்கனதான்" என்றான். "இங்கனதான் நிப்பேன்."

இன்ஜினைப் போட்டேன். சத்தம் ஏறியதும் அவன் கால்கள் தானாக அகன்றன. வலது கை மேலே போய்க் கட்டைவிரல் நின்றது. அவன் என்னைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்துத்தான் காட்டினான். நான் கிளம்பினேன்.

அவன் திரையில் இப்போது வெறும் சிமென்ட் தரை. என் திரையில் மலை, மேகம், எல்லாம். இந்தப் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. அந்தக் காலித் தரையையே பார்த்துக்கொண்டு நின்றான். செல்வி காபி கொண்டுவந்தாள்.

"உக்காந்து குடிங்க அத்தான்."

"இருக்கட்டும்மா. வந்துரட்டும்."

புரட்டவில்லை, வித்தை காட்டவில்லை. ஒரே சுற்று. இறக்கப் போனேன், உயரம் அதிகம், விட்டுவிட்டு மறுபடி மேலே. மின்சாரம் போய்விடுமோ என்று ஒரு பயம். ரீசெட் பட்டன் விரலுக்குப் பக்கத்திலேயே இருந்தது, அதன் மேல் செல்வியின் துணி கிளிப்பைக் கவிழ்த்து வைத்தேன். இரண்டாவது தடவை தொட்டது. லேசாக ஒரு எம்பல். பிறகு ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது, நின்றது.

திருப்பி மெதுவாக உருட்டிக்கொண்டு வந்தேன். அவன் திரையின் ஓரத்தில் மூக்கு தெரிந்தது. அண்ணன் பெருமூச்சு விட்டான். உரிய இடத்தில் நிறுத்தி இன்ஜினை அணைத்தேன்.

இப்போது சொல்வான் என்று பார்த்தேன். உட்காரக்கூட இல்லை.

"கட்டை எங்கலே?"

அருவியில் கத்தினானே! ஸ்பிரிங் மும்முரத்தில் விட்டுப்போயிற்று. சக்கரத்துக்குக் கட்டையே நான் வரையவில்லை.

"இந்தா இப்பம் போடுதேன்ணே."

வரைகிற வேலை ஒன்றும் பெரிதில்லை, வீட்டு வாசல்படி மாதிரி இரண்டு துண்டு. அண்ணன் என் தோளுக்குப் பின்னால் நின்றான். நான் கேட்காமலே சொன்னான்: மஞ்சள் அடித்திருக்கும். ஒன்று முன்னால், ஒன்று பின்னால். நடுவில் கயிறு. கயிறு வெளிப்பக்கம் பார்த்துக் கிடக்க வேண்டும், இழுக்கிறவனுக்கு எட்டுகிற மாதிரி. ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லப் போட்டேன். விமானத்தில் சேர்த்து, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் வைத்தேன்.

குனிந்து பார்த்தான். கயிற்றையும் பார்த்தான். அதன்பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்து, ஆறிப்போன காபியை எடுத்தான்.

நான் இன்னும் மவுஸைப் பிடித்தபடியே இருந்தேன். என் தோளில் தட்டினான்.

"சரியா இருக்கு. இப்பம் எறங்குலே."