பார்லிக்கு வந்த அண்டா

குற்றாலம், ஆனி 1942

சங்கரம்மாளுக்கு,

உன் அண்டா வந்து சேர்ந்தது. நன்றி என்று எழுதினால் சிரிப்பாய், இருந்தாலும் எழுதுகிறேன்.

யுத்தத்தால் கப்பல் வராமல் பங்களாவில் பீர் தீர்ந்துவிட்டது. பார்லியில் பீர் காய்ச்சத் தெரியாத சமையல்காரன் வேண்டாம் என்று துரை சொல்லிவிட்டார். பார்லியை முளைகட்டி, உலர்த்தி, திரித்தும் வைத்தேன். வெந்நீரில் ஊறவைக்கத்தான் பெரிய பாத்திரம் இல்லை. உன்னிடம் நேராகக் கேட்க வாய் வராமல் உன் அண்ணனிடம் சொல்லி அனுப்பினேன்.

அண்டாவை வண்டியிலிருந்து இறக்கியவர், "மாப்ள, இது தங்கச்சி சீதனம். நான் சொல்லி முடிக்கதுக்குள்ள தூக்கி வண்டியில வச்சுட்டா" என்றார்.

"எப்படி இருக்கா?"

"யாருகிட்டயும் பேச மாட்டுக்கா."

அதில் பார்லியை ஊறவைத்து, சூடு ஆறாமல் கம்பளி சுற்றினேன். தித்திப்பான சாறு இறங்கியது. வடிகட்டிக் கொதிக்கவைத்து, ஆறியபின் புளிக்கக் கள்ளின் அடிமண்டி சேர்த்துச் சாடியில் நுரைக்க விட்டேன். துரை ஒரு மடக்கு குடித்துவிட்டு, மறுபடியும் கிளாசை நீட்டினார். வேலை நிலைத்தது. பங்களாவுக்குப் பின்னால் ஓர் அறையும் கொடுத்திருக்கிறார். எல்லாம் உன்னால்தான்.

பிள்ளை நம்மை விட்டுப் போனபின் நீ ஏன் சுந்தரபாண்டியபுரத்துக்கு, உன் அண்ணன் வீட்டுக்குப் போனாய் என்று நான் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை.

சாரல் தொடங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை உன் அண்ணன் பலாப்பழம் ஏற்ற இங்கே வருகிறார். வரும்போது வண்டி காலியாகத்தான் இருக்கும்.

உன் வீட்டுக்காரன்