மூடியில் எழுதியது

மாசி 7, ஞாயிறு

காலையில் தூறல். என் எழுத்துக் கோணல்தான், பொறுக்க வேண்டும். அறுபது வருடம் துடுப்புப் பிடித்த கை. பேனை வழுக்குகிறது. ஆனாலும் இந்த வயதில் எழுத்துப் படித்து, இது நான் எழுதியது!

நேற்று என் பொறுப்பில் இருந்த பேரன் மிளகாய்த்தூள் போத்தலைத் திறந்து, அந்தக் கையால் கண்ணைக் கசக்கிவிட்டான். இரண்டு வயது. ஒரே அழுகை. மருமகள் தவமணி என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். செவ்வாய்க்கிழமை என் மகனின் படத்தோடு அவள், காணாமல் போனோரைப் பதியும் பட்டினத்துக் கந்தோருக்குப் போக வேண்டும். சண்டை முடிந்தபோது அவன் வன்னியில். பிறகு சேதியில்லை. பிள்ளைகளை நம்பி என்னிடம் விட்டால்தான் அவள் போகலாம்.

போத்தல்கள் எல்லாம் கடல் ஊருக்குள் வந்த வருடம் நிவாரணத்தில் கிடைத்தவை. வெள்ளைப் பிளாஸ்டிக், சிவப்பு மூடி, உள்ளிருப்பது தெரியாது. இவ்வளவு காலமும் முகர்ந்து பார்த்தே எடுத்தேன். இனித் தேவையில்லை.

பின்னேரம் எல்லாவற்றையும் மேல் தட்டில் ஏற்றி, பெயர் எழுதினேன். உப்பு. மஞ்சள். மிளகாய்த்தூள். கறித்தூள். பால்மா. கிணற்றுக்குப் போடும் குளோரின் தூள். போத்தல் வளைவில் எழுத வரவில்லை. மூடி தட்டை, அதில் எழுதினேன்.

"வடிவா இருக்கு மாமா," என்றாள் தவமணி.

கடல் கொண்டுபோன என் மனைவிக்குத்தான் காட்ட முடியவில்லை.

மாசி 8, திங்கள்

நல்ல வெயில். தவமணி போத்தல்களைத் துடைத்து, மூடிகளைக் கழுவி முற்றத்தில் காயவைத்தாள். எழுத்து அழியவில்லை. எனக்குத் தடிமன், மூக்கடைப்பு. கொத்தமல்லி அவித்துக் குடித்தேன்.

மாசி 9, செவ்வாய்

தவமணி வெள்ளனப் போய்விட்டாள். பேத்தி பால் கேட்டாள். நான்கு வயது. 'பால்மா' என்று எழுத்துக் கூட்டாமல் ஒரே மூச்சில் வாசித்தேன். என்ன சந்தோஷம். இரண்டு கரண்டி, சுடுதண்ணீர், கோப்பையைக் கையில் கொடுத்தேன்.

"அப்பப்பா, கிணறு மணக்குது," என்று கோப்பையை என்னிடமே நீட்டினாள்.

"குடி புள்ள, ஆறப்போகுது."

"நீங்க குடிங்க. எனக்கு வேணாம். கிணறு மணக்குது."

முற்றத்தில் ஊற்றினேன். அவள் வாயில் வைக்கவில்லை. மூன்று தரம் கேட்டேன், வைக்கவில்லை. எல்லா மூடியும் ஒரே அளவு, எந்தப் போத்தலுக்கும் பொருந்தும். கழுவிப் போட்டபோது பால்மா மூடி குளோரினுக்கு மாறியிருக்கிறது.

இன்று இவ்வளவுதான்.

மாசி 10, புதன்

நேற்று மாலை தவமணி வந்ததும் சொல்லாமல் விடலாமா என்று நினைத்தேன். சொன்னால் இனிப் போகமாட்டாள். சொன்னேன்.

திண்ணைக் குந்தில் உட்கார்ந்துவிட்டாள். "மூடிய மாத்திப் போட்டது நான்தானே." பிறகு, "வாசிக்கத் தெரியாத காலத்தில நீங்க ஒரு நாளும் பிழை விடல்லியே மாமா."

மூடியை எடுத்து என் எழுத்தைப் பார்த்தேன்.

"கந்தோரில என்னவாம் புள்ள?"

"திரும்பவும் வாற செவ்வாய் வரட்டாம். நான் போகமாட்டன்."

இரவு அவள் சாப்பிடவில்லை. நானும்.

மாசி 11, வியாழன்

காற்று. தடிமன் விட்டது. செய்தவை:

குளோரின் வீட்டுக்குள் இல்லை. கிணற்றடியில் என் தலைக்கு மேலே பெட்டி அடித்து, பூட்டுப் போட்டு. சாவி என் இடுப்புக் கயிற்றில்.

மூடியில் எழுதியதெல்லாம் மணலும் தும்பும் வைத்துத் தேய்த்து அழித்தாயிற்று.

ஒவ்வொன்றாகத் திறந்து, பார்த்து, முகர்ந்து, போத்தலின் உடம்பில் எழுதினேன். 'மிளகாய்த்தூள்' சுற்றிப் போய் முதுகில் முடிகிறது.

தவமணி வந்து தானும் முகர்ந்தாள். பால்மாப் போத்தலை நெடுநேரம். பால் கரைத்து ஒரு வாய் குடித்துவிட்டுப் பேத்திக்குக் கொடுத்தாள். பிறகு அலுமாரியைத் திறந்து மகனின் படத்தை எடுத்துக் கைப்பையில் வைத்தாள்.

"செவ்வாய்க்கு நீங்களும் இப்பிடித்தான். முதல் ஒரு வாய் நீங்க குடிச்சிட்டுத்தான் குடுக்கணும்."

"ஓம் புள்ள."

கந்தோரில் என்ன சொன்னார்கள் என்பதைச் செவ்வாய் மாலை இந்தப் பக்கத்தின் கீழே எழுதுவேன். அதற்கு இடம் விட்டிருக்கிறேன்.